மூலம் மாறும் கணம்: விண்பயண வரலாற்றிலிருந்து மூன்று நிகழ்ச்சிகள்

ஒரு மின்சுற்றுக்கு மின்னளிக்கும் மூலம் ஒன்றேயாயின், அதனை ஆக்குவோனுக்குள்ள கவலையும் ஒன்றே. அம்மூலம் ஓயும்போது சுற்றும் ஓயும். அதற்குத் துணையாக இரண்டாவது மூலமொன்றை வைத்தவுடன், சுற்று முன்னையிலும் பாதுகாப்புடையதாகிவிட்டதென நாம் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் பாதியளவே உண்மை. ஒரு மூலத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் கணம் என்னும் புதியதோர் ஆபத்து அப்பொழுதே தோன்றிவிடுகின்றது. எப்பொழுது மாறுவது, எந்த ஒழுங்கில் மாறுவது, மாறவேண்டுமெனத் தீர்ப்பது யார் அல்லது எது என்னும் வினாக்கள் உடன் எழுகின்றன. அமெரிக்க விண்பயண வரலாற்றில் 1960 முதல் 1970 வரையிலான பத்தாண்டு, இவ்வினாக்கள் உயிரும் உடைமையும் பணயமாக நின்று விடைகாணப்பட்ட காலமாகும். அக்கால நிகழ்ச்சிகள் மூன்றினை இக்கட்டுரை எடுத்து நோக்குகின்றது.

பொருள் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் மின்பிறப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்தோர், அதனோடு இருவழி ஆளியொன்றும் பொருத்தப்படவேண்டுமென்பதை மின்னிணைப்பாளர் வாயிலாக அறிந்திருப்பர். அவ்வாளி இல்லையேல் பிறப்பாக்கியின் மின் வீட்டோடு நில்லாது தெருக்கம்பியிலும் ஏறும். மின் இல்லையென நம்பிக் கம்பத்தில் ஏறிய தொழிலாளியின் உயிரை அது பறிக்கக்கூடும். வீட்டில் கையால் மெதுவாகச் செய்யும் இவ்வேலையை மின்னியற் சுற்றுக்கள் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு காலத்தில் செய்யவேண்டியுள்ளன என்பதே வேறுபாடு.

இதனைச் செய்யும் வழிகள் அடிப்படையில் மூன்று எனலாம். ஆளியானது பழைய தொடுகையை விட்டபின் புதியதைத் தொடுமாயின், இடையில் மின்னற்ற ஒரு கணம் உண்டு. விளக்கு அதனைப் பொறுக்கும், கணிப்பொறி பொறுக்காது. ஆதலால் அக்கணத்தைக் கொள்ளளவியொன்றிற் சேர்த்துவைத்த ஏற்றத்தால் நிரப்புவர். மாறாக, புதியதைத் தொட்டபின் பழையதை விடுமாயின் இரு மூலங்களும் சிறிதுபொழுது ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும். அப்பொழுது அழுத்தம் கூடிய மூலம், குறைந்த மூலத்தினுள் மின்னைத் திருப்பிப் பாய்ச்சும். அது மீளேற்றத்தகாத மின்கலமாயின் சூடேறி வெடிக்கவுங்கூடும். மூன்றாவது வழி இருவாயி. ஒவ்வொரு மூலத்தின் வாயிலிலும் ஓர் இருவாயியை நிறுத்திவிட்டால் மின் சுற்றை நோக்கிச் செல்லுமேயன்றி மூலத்தை நோக்கித் திரும்பாது. எம்மூலத்தின் அழுத்தம் உயர்ந்துள்ளதோ அம்மூலம் சுமையைத் தானே ஏற்றுக்கொள்ளும். இங்கே தீர்ப்புக் கூறுவாரும் இல்லை, தாமதமும் இல்லை. இதற்கு நாம் கொடுக்கும் விலை, சிலிக்கன் இருவாயி ஒவ்வொன்றிலும் இழக்கப்படும் ஏறத்தாழ 0.7 வோல்ற்று ஆகும். மூன்று வோல்ற்றில் இயங்கும் சிறுகருவிக்கு அது பெருநட்டம். 28 வோல்ற்றில் இயங்கும் விண்கலத்துக்குப் பொறுக்கத்தக்கதே. (இன்றைய கைக்கருவிகளில் புலவிளைவுத் திரான்சிற்றர்களை இருவாயிபோல் இயக்கி இவ்விழப்பைப் பெரிதும் குறைத்துவிட்டனர்.)

நிற்க, வரலாற்றுக்கு வருவோம்.

1960ஆம் ஆண்டு நவெம்பர் 21ஆந் திகதி, புளோரிடாவிலுள்ள கனவெரல் முனையில் மேர்க்குரி–றெட்ஸ்ரன் 1 என்னும் றொக்கற்று ஏவப்பட்டது. அதில் மனிதர் எவரும் இருக்கவில்லை. மனிதரை ஏற்றிச் செல்லவேண்டிய கலத்தை அதே வகை றொக்கற்றில் வைத்துச் சோதிப்பதே நோக்கம். இயந்திரம் மூண்டது; புகை எழுந்தது; றொக்கற்று ஏறத்தாழ நான்கு அங்குலம் உயர்ந்தது. உடனே இயந்திரம் அணைந்தது. றொக்கற்று வந்த இடத்திலேயே மீண்டும் அமர்ந்தது. அது சரியாமல் நேராக அமர்ந்தது பெரும்பேறு.

தரையில் நிற்கும் றொக்கற்றுக்குத் தரையிலிருந்து கம்பிகள் செல்வதுண்டு. இங்கு அவை இரண்டு. ஒன்று கட்டுப்பாட்டுச் சைகைகளைக் கொண்டுசெல்வது. மற்றையது மின்னையும் புவித்தொடுப்பையும் அளிப்பது. றொக்கற்று மேலெழும்போது இரண்டும் வாற்சிறகின் அடியிலிருந்து கழலும். கட்டுப்பாட்டுக் கம்பி முதலிலும் மின்கம்பி அதன் பின்னரும் கழலவேண்டும் என்பதே விதி. அன்று பொருத்தப்பட்டிருந்த கட்டுப்பாட்டுக் கம்பியோ படைத்துறை ஏவுகணைக்கென ஆக்கப்பட்ட, சற்று நீளமான கம்பி. மிகுதி நீளத்தை மடித்துப் பற்றியிறுக்கி வைத்திருந்தனர். அந்த ஏற்பாடு எதிர்பார்த்தவாறு பயன்படவில்லை. ஆகவே மின்கம்பி முதலிற் கழன்றது. ஏறத்தாழ 29 மில்லிச்செக்கன் கழித்தே கட்டுப்பாட்டுக் கம்பி கழன்றது. கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைந்த அவ்விடைவெளியில் றொக்கற்றின் சுற்றுக்களுக்குப் புவித்தொடுப்பு இல்லை. மீளும் வழி அடைபட்ட மின்னோட்டம் வேறு வழி தேடியது. அது கண்ட வழி, பயணம் முடிந்தபின் இயந்திரத்தை அணைப்பதற்கென வைத்த றிலேயின் ஊடாகச் சென்றது.

இயந்திரம் அணைந்ததென்ற சைகையைப் பெற்ற கலம், தன் பயணம் செவ்வனே நிறைவேறிவிட்டதென நம்பியது. ஆபத்தில் தப்புவிக்கும் சிறு றொக்கற்றை அது கழற்றி வானிற் செலுத்திற்று. பின்னர், தான் தாழ்ந்த உயரத்தில் இருப்பதை உணர்ந்து பரசூட்டுக்களையும் ஒன்றன்பின் ஒன்றாக விரித்தது. எரிபொருள் நிரம்பி, மின்னும் வெடிமருந்தும் உயிரோடிருந்த றொக்கற்றின் தோளிற் பரசூட்டுத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. காற்றுச் சற்றுப் பலமாக வீசியிருந்தால் அத்துணி விரிந்து எல்லாவற்றையும் கீழே சாய்த்திருக்கும். தாங்கிகளைத் துப்பாக்கியாற் சுட்டுத் துளையிடலாமா என்ற யோசனைகூட எழுந்தது! முடிவில் எவரும் அணுகாமல் விடிவு வரை காத்திருந்தனர். உள்ளிருந்த மின்கலங்கள் தாமாகவே இறங்கித் தீரட்டுமென்பதே அவர்கள் கண்ட வழி. மூலத்தைப் பாதுகாப்பாக மாற்றும் வழி தவறிய சுற்றுக்கு மூலமே இல்லாதொழிவதுதான் பாதுகாப்பாயிற்று. பின்னர் இவ்வகை றொக்கற்றுக்களில் ஏறத்தாழ ஓரடி நீளமான புவித்தொடுப்புப் பட்டையொன்றைச் சேர்த்தனர். ஏனைய இணைப்புக்கள் யாவும் கழன்றபின்னரே அது கழலும். டிசெம்பர் 19ஆந் திகதி ஏவப்பட்ட அடுத்த றொக்கற்றுக் குறையின்றிச் சென்றது. பிழை எந்தக் கருவியிலும் இருக்கவில்லை; ஒழுங்கிலேயே இருந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி பலரறிந்தது. எனினும் அது சொல்லப்படும் முறையில் ஒரு குறையுண்டென்பது என் கருத்து. 1969 நவெம்பர் 14ஆந் திகதி அப்பலோ 12 மழைமேகத்தினூடே ஏவப்பட்டது. கலத்தில் இருந்தோர் சாள்ஸ் கொன்றாட், ரிச்சட் கோர்டன், அலன் பீன் ஆகிய மூவர். புறப்பட்டு 36.5 செக்கனில், ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் உயரத்தில், மின்னல் தாக்கியது. நெடிய றொக்கற்றும் அதன் கீழ் நீண்ட சுவாலையும் முகிலுக்கும் நிலத்துக்கும் இடையே கடத்தியாகி அம்மின்னலைத் தாமே வரவழைத்தன. 52ஆவது செக்கனில் இரண்டாவது மின்னல் தாக்கியது. கலத்தினுள் எச்சரிக்கை விளக்குகள் திரளாக ஒளிர்ந்தன.

அக்கலத்தின் மின் ஏற்பாட்டைச் சிறிது விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஐதரசனையும் ஒட்சிசனையும் சேர்த்து மின்னும் நீரும் தரும் எரிபொருட்கலங்கள் மூன்று, சேவைக்கூற்றில் இருந்தன. அவை ஏறத்தாழ 28 வோல்ற்று அழுத்தத்தில் இரு பிரதான மின்வழிகளுக்கு மின்னை அளித்தன. பூமிக்குத் திரும்பும்போது சேவைக்கூறு கழற்றி எறியப்படுமாதலால், அக்கடைசிக் கட்டத்துக்கென வெள்ளி–நாக மின்கல அடுக்குகள் மூன்று, ஒவ்வொன்றும் 40 அம்பியர்–மணி கொள்வன, கட்டளைக்கூற்றில் வைக்கப்பட்டிருந்தன. ஏவப்படும் கட்டத்தில் இம்மின்கல அடுக்குகளுள் இரண்டும் எரிபொருட்கலங்களோடு சேர்த்துப் பிரதான மின்வழிகளில் இணைக்கப்பட்டேயிருந்தன. ஒவ்வோர் எரிபொருட்கலத்துக்கும் காவலாக உணரி ஒன்றும் இருந்தது. மிகையோட்டமோ மீளோட்டமோ கண்டால், கேட்போர் சொல்வோர் இன்றி அது தன் எரிபொருட்கலத்தை மின்வழியிலிருந்து கழற்றிவிடும்.

முதல் மின்னலில் மூன்று எரிபொருட்கலங்களும் கழன்றன. உண்மையில் அவற்றில் மிகையோட்டம் எதுவும் இருக்கவில்லை. மூன்றும் நலமாகவே இருந்தன. காவலுணரியின் உள்ளே சிலிக்கன் கட்டுப்பாட்டுச் சீராக்கி என்னும் உறுப்பு உண்டு. கட்டளை பெற்றபொழுதே கடத்தவேண்டியது அது. ஆயினும் தன் முனைகளிடையே அழுத்தம் மிக விரைவாக மாறுமாயின் கட்டளையின்றியும் கடத்தத் தொடங்கிவிடும். மின்னல் தோற்றுவித்த திடீர் அழுத்தமாற்றம் அவ்வாறே அதனை எழுப்பிவிட்டது. காவலன் கள்வனைக் கண்டு கதவடைக்கவில்லை. இடியோசைக்கு அஞ்சிக் கதவடைத்தான்.

அக்கணம் கலத்தின் சுமை முழுவதும் மின்கல அடுக்குகள்மேல் விழுந்தது. மின்வழியின் அழுத்தம் 18 அல்லது 19 வோல்ற்று வரை தாழ்ந்து, சில மில்லிச்செக்கன்களில் 23 அல்லது 24 வோல்ற்றுக்கு மீண்டது. அழுத்தம் குறைந்தது உண்மை. ஆயினும் மின் அற்றுப்போகவில்லை. இதற்கென எவரும் ஆளியைத் தட்டவில்லை. எவ்வுணரியும் ஆய்ந்து தீர்ப்புக் கூறவில்லை. மின்கலங்கள் முன்னமே மின்வழியில் இணைந்திருந்தன. மற்றையவை விலகியதும் சுமையைத் தாங்கின. இக்கதையைச் சொல்வோர் பின்னர் வரும் இளம் பொறியியலாளரின் நினைவாற்றலையே போற்றுவர். அது போற்றத்தக்கதே. ஆனால் அவர் வாய்திறக்கும்வரை மூவரையும் காத்து நின்றவை, எதையும் தீர்மானிக்காத அவ்விரு மின்கல அடுக்குகளே என்பதை மறந்துவிடுகின்றனர்.

றொக்கற்றை வழிநடத்திய கணிப்பொறி தனக்கெனத் தனி மின்கலங்களோடு றொக்கற்றிலேயே இருந்தமையால் அது தன் வழி தவறாது சென்றது. கலத்தின் திசைகாட்டும் மேடையோ இரண்டாவது மின்னலில் நிலைகுலைந்தது. ஹூஸ்ரனிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்தில், கலத்தின் மின்னுக்குப் பொறுப்பாயிருந்த ஜோன் ஏரனுக்கு அப்பொழுது வயது 26. அவர் முன்னிருந்த திரையில் எண்கள் யாவும் பொருளற்றிருந்தன. கலத்தின் அளவீடுகளைத் தொலையளவைக்கு ஏற்ற சைகைகளாகச் சீர்ப்படுத்தும் கருவி, குறைந்த அழுத்தத்தைத் தாங்காது ஓய்ந்திருந்ததே காரணம். எந்த மூலம் கழன்றது, எது நிற்கிறது என்பதைச் சொல்லவேண்டிய கருவியே மூலமிழந்து ஊமையாயிற்று. ஆனால் ஏரன் அவ்வெண்களின் கோலத்தை அதற்கு முன்னொருமுறை கண்டிருந்தார். ஏறத்தாழ ஓராண்டுக்கு முன், கென்னடி நிலையத்தில் நடந்த நள்ளிரவுச் சோதனையொன்றின்போது கலத்தின் மின்னழுத்தம் தவறுதலாகத் தாழ்ந்தது. திரையில் இதே குழப்பம் தோன்றியது. தம் கடமை அதுவன்றாயினும் அவர் அதன் காரணத்தைத் தேடிச் சென்றார். அக்கருவிக்குத் துணைநிலை ஒன்று உண்டென்பதையும், அந்நிலையில் அது தாழ்ந்த அழுத்தத்திலும் இயங்குமென்பதையும் அறிந்துவைத்திருந்தார்.

கருவியின் பெயர் ஆங்கிலச் சுருக்கத்தில் எஸ்.சீ.ஈ. என்பது. அதனைத் துணைநிலைக்கு மாற்றுமாறு ஏரன் கூறினார். பறப்பு நெறியாளர் ஜெரி கிரிஃபினுக்கு அவ்வாளி எதுவென விளங்கவில்லை. விண்ணோடு பேசிய ஜெரால்ட் காரும் அறியார். கேட்டதை அப்படியே மேலே சொன்னார். தலைவர் கொன்றாட், அது என்ன சங்கதியென வியப்போடு திருப்பிக் கேட்டார். அலன் பீனுக்கு மட்டும் அவ்வாளி இருக்கும் இடம் தெரிந்திருந்தது; மாற்றினார். ஹூஸ்ரனின் திரையில் எண்கள் உயிர்பெற்றன. எரிபொருட்கலங்கள் பழுதுறவில்லை, கழன்றே உள்ளன என்பது அப்பொழுதே தெளிவாயிற்று. புறப்பட்டு மூன்று நிமிடம் நிறைவதற்குள் பீன் அவற்றை மின்வழிகளில் மீண்டும் சேர்த்தார். ஐந்து நாட்களின் பின் கொன்றாட்டும் பீனும் சந்திரனில் இறங்கினர்.

மூன்றாவது நிகழ்ச்சி, அதற்கடுத்த பயணமாகிய அப்பலோ 13. 1970 ஏப்பிரில் 13ஆந் திகதி இரவு, பூமியிலிருந்து மூன்று இலட்சம் கிலோமீற்றருக்கு அப்பால், இரண்டாம் இலக்க ஒட்சிசன் தாங்கி வெடித்தது. ஜேம்ஸ் லவெல், ஜோன் சுவைகேற், பிரெட் ஹேய்ஸ் ஆகிய மூவரும் கலத்தில் இருந்தனர். எரிபொருட்கலங்களுள் இரண்டு சில நிமிடங்களில் ஓய்ந்தன. ஒட்சிசன் கசிந்து தீர்ந்துகொண்டிருந்தமையால் மூன்றாவதும் ஓயவிருந்தது. சந்திரனில் இறங்குவதற்கென இணைந்து சென்ற சந்திரக்கலத்தில், தலா 400 அம்பியர்–மணி கொள்ளும் நான்கு மின்கல அடுக்குகளும் தலா 296 கொள்ளும் இரண்டும் முழு ஏற்றத்தோடு இருந்தன. வேண்டிய மூலம் அருகிலேயே இருந்தது. அதற்கு மாறுவது எங்ஙனம் என்பதே வினா.

பயணத்தின் அக்கட்டத்தில் சந்திரக்கலம் தனக்கு வேண்டிய சிறிதளவு மின்னைத் தொப்புட்கொடி போன்ற கம்பிவடத்தின் வழியே தாய்க்கலத்திலிருந்து பெற்றுவந்தது. அந்நிலையிலிருந்து தன் சொந்த மின்கலங்களுக்கு மாற்றும் ஆளி தாய்க்கலத்தில் இருந்தது. அவ்வாளி இயங்குவதற்கோ தாய்க்கலத்தின் மின் வேண்டும்! இறந்துகொண்டிருக்கும் மூலத்திலிருந்து தப்புவதற்கு அதே மூலத்தின் தயவை நாடவேண்டிய நிலை. சுமையை மாற்றும் ஆளி, கைவிடப்படும் மூலத்தில் தங்கியிருத்தலாகாது என்பது இன்று பாடமாகச் சொல்லப்படலாம். அன்று அது உயிர்ப்பிரச்சினையாகவே எதிர்ப்பட்டது. அப்பலோ 10க்கான ஒத்திகையொன்றில் எரிபொருட்கலங்கள் யாவும் ஓய்வதாகக் கற்பித்துப் பார்த்ததும், அதில் தோற்ற சந்திரக்கலக் கட்டுப்பாட்டாளர் சிலர் அத்தோடு விடாது மாற்றுவழிகளை வகுத்துவைத்ததும் இங்குப் பயன்பட்டன. சந்திரக்கலத்தின் உள்ளிருக்கும் சுற்றுடைப்பிகளையும் ஆளிகளையும் உரிய ஒழுங்கில் இட்டு, அதன் மின்கலங்களை அங்கிருந்தே உயிர்ப்பிக்கும் வழி கண்டனர்.

அடுத்த இடர், திரும்பி வரும் கட்டத்தைப் பற்றியது. வளிமண்டலத்தில் நுழையத் தகுதியுடையது தாய்க்கலத்தின் கட்டளைக்கூறு மட்டுமே. அதற்குரிய மூன்று மின்கல அடுக்குகளுள் ஒன்று, எரிபொருட்கலங்கள் தளர்ந்தபோது சுமையைத் தாங்கி ஏற்றத்தின் ஒரு பகுதியை இழந்திருந்தது. தாய்க்கலத்திலிருந்து சந்திரக்கலத்துக்கு மின்செல்ல வைத்த அதே கம்பிவடத்தின் வழியே, எதிர்த்திசையில் மின்னைச் செலுத்தி அதனை மீளேற்றினர். மீளோட்டம் ஆபத்தென்று மேலே கூறினோம். இங்கு அதே மீளோட்டம், அளவறிந்து இடமறிந்து செய்யப்பட்டமையால் உயிர்காத்தது. குளிர்ந்து கிடந்த கட்டளைக்கூற்றை உள்ள சிறிதளவு மின்னைக்கொண்டு எவ்வொழுங்கில் எழுப்புவது என்பதை வகுத்தோருள் ஜோன் ஏரன் முதன்மையானவர். அளவீட்டுக் கருவிகளை இறுதியிலேயே எழுப்பவேண்டுமென அவர் விதித்தார். ஐந்து மாதங்களுக்கு முன் அளவீடுகள் மீள்வதற்காகவே ஆளியொன்றை மாற்றச் சொன்னவர், இப்பொழுது மின்னைச் சேமிக்கும்பொருட்டு அளவீடுகளையே கைவிடத் துணிந்தார். ஏப்பிரில் 17ஆந் திகதி மூவரும் பசிபிக் சமுத்திரத்தில் உயிரோடு இறங்கினர்.

தாங்கி வெடித்த காரணத்தை ஆய்ந்த குழு தன் அறிக்கையை 1970 யூன் மாதத்தில் வெளியிட்டது. அங்கும் முன் நின்றது மூலமாற்றமே. ஒட்சிசன் தாங்கியினுள் இருந்த சூடாக்கிக்கு இரு மூலங்கள் இருந்தன. பறக்கும்போது கலத்தின் 28 வோல்ற்று. தரையில் நிற்கும்போது ஏவுதளத்தின் 65 வோல்ற்று. தொடக்கத்தில் எல்லாம் 28 வோல்ற்றுக்கென்றே வரையறுக்கப்பட்டிருந்தன. 1965இல் சூடாக்கிகள் 65 வோல்ற்றையும் தாங்கவேண்டுமென வரையறை திருத்தப்பட்டது. எனினும் வெப்பம் மிகும்போது சூடாக்கியின் சுற்றைத் திறந்துவிடவேண்டிய காப்பு ஆளிகள் மட்டும் பழையபடியே இருந்துவிட்டன. தாங்கியைச் செய்தோரும் கவனிக்கவில்லை, செய்வித்தோரும் கவனிக்கவில்லை.

1970 மார்ச் மாத இறுதியில், ஒத்திகை முடிந்தபின் இரண்டாம் தாங்கியிலிருந்த ஒட்சிசன் வழமைபோல் வெளியேற மறுத்தது. சூடாக்கியை இயக்கி அதனை ஆவியாக்கி வெளியேற்றத் தீர்மானித்து, 65 வோல்ற்று மூலத்தில் ஏறத்தாழ எட்டு மணிநேரம் இயக்கினர். ஏறத்தாழ 27 பாகை செல்சியசில் திறக்கவேண்டிய ஆளிகள் திறக்க முயன்றபொழுது, அவற்றுக்குப் பழக்கமில்லாத அழுத்தத்தில் எழுந்த மின்வில் தொடுகைகளை ஒட்டவைத்துவிட்டது. அதன்பின் அவை ஆளிகளல்ல, வெறுங்கம்பிகள். வெப்பம் 500 பாகை செல்சியசுக்கு மேல் ஏறியிருக்கவேண்டுமென்பது குழுவின் கணிப்பு. முன்னிருந்த வெப்பமானியோ 27 பாகைக்கு மேல் காட்டும் அளவுகோல் உடையதன்று. ஆதலால் பார்த்தவர்க்கு எல்லாம் சரியாகவே தோன்றிற்று. உள்ளே விசிறிக் கம்பிகளின் ரெவ்லோன் காப்புறை கருகி வெடித்தது. அத்தாங்கியே விண்ணுக்குச் சென்றது. சுவைகேற் விசிறியை இயக்கிய கணத்தில் வெறுங்கம்பிகளிடையே பொறி பறந்தது.

அப்பலோ 14க்கென ஆக்கிய தாங்கிகளில் விசிறிகள் நீக்கப்பட்டன. கம்பிகள் துருவேறா உருக்கு உறையினுள் இடப்பட்டன. மூன்றாவது ஒட்சிசன் தாங்கியொன்று ஏனைய இரண்டிலிருந்தும் விலக்கி வைக்கப்பட்டது. சேவைக்கூற்றில் 400 அம்பியர்–மணி மின்கல அடுக்கொன்றும் புதிதாக இடம்பெற்றது. சந்திரக்கலத்தில் இருந்த அதே வகையினது அது. 1971 சனவரி 31ஆந் திகதி அப்பலோ 14 புறப்பட்டது. முகில் கலையட்டுமென அன்று நாற்பது நிமிடம் காத்திருந்து ஏவினர்.